காலியாக விட்டிருக்க வேண்டிய கட்டம்

சங்கத்து அன்பர்கள் பலருக்கு அடியேனைத் தெரிந்திருக்கும். ஆண்டு விழாவுக்கு நாற்காலிகளை எண்ணி வாங்கி, விழா முடிந்ததும் எண்ணித் திருப்பிக் கொடுக்கும் ஆள் நான்தான். இரயில்வேயில் குமாஸ்தா. மெட்ரிகுலேஷனோடு படிப்பு நின்றது. தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானதால், கருணை அடிப்படையில் கிடைத்த உத்தியோகம். பதினான்கு ஆண்டுகளாகப் பதிவேடுகளோடு பழகி வருகிறேன். ஒரு கட்டம் காலியாக இருந்தால் மேலதிகாரி சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே எந்தக் கட்டத்தையும் காலியாக விடலாகாது என்பது என் கைக்கே பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தால் ஒரு பிள்ளைக்கு நேர்ந்ததைத்தான் இங்கே எழுதப் புகுகிறேன்.

2022ஆம் ஆண்டு, மார்ச்சு மாதம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு லாரிகள் நம் ஊர்ப்பக்கம் வந்து போவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அப்படியொரு லாரியோடு வேலைக்கு வந்தவன் அந்தப் பையன், வயது பத்தொன்பது, தருமபுரிப் பக்கத்துக் கிராமம். டீசல் களவு போயிற்று என்று ஒரு புகார் எழுந்தது; போலீசார் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். லாரி அடுத்த மாவட்டத்திற்கு வேலை தேடிப் போய்விட்டது. இந்தியில் ஒரு சொல்லும் அறியாத பையன் மட்டும் இங்கே சிறையில் நின்றுவிட்டான். அவன் தாயார் யார் யாரையோ கேட்டு, நம் செயலாளரின் தொலைபேசி எண்ணைப் பெற்று அழுதிருக்கிறார். செயலாளர் என்னையும் கூட்டிக்கொண்டு மனுப் பார்க்கச் சென்றார்.

சிறையில் மனுப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. கம்பி வலைக்கு இப்பால் ஒரு கூட்டம். ஒரு முழ இடைவெளி விட்டு அப்பால் இன்னொரு வலை, இன்னொரு கூட்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். அந்தக் கூச்சலில் எங்கள் தமிழ் மட்டும் தனியாகக் கேட்டது; சுற்றியிருந்தவர்கள் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்கள். பையன் முதலில் கேட்டது, "அம்மாவுக்குத் தெரியுமாண்ணா?" என்பது.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வார்டர் வந்து, தமிழ் தெரிந்தவர் யார் என்று கேட்டார். பையனுடைய பதிவில் சில கட்டங்கள் நிரப்பப்படாமல் கிடந்தன. கேட்டால் அவனுக்கு விளங்கவில்லையாம். அலுவலக ஜன்னலருகே என்னை நிறுத்தினார்கள். உள்ளே எழுத்து வேலை பார்த்தவர் ஒரு பழைய கைதி; கையெழுத்து மணிமணியாக இருந்தது. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பையனிடம் கேட்டுச் சொன்னேன். தந்தை பெயர், தபால் நிலையம், படிப்பு, தொழில். அடுத்த கட்டம், சாதி. பையன் சற்றே தயங்கினான். "சொல்லணுமாண்ணா?" என்றான். "சொல்லிவிடப்பா, காலியாக விட்டால் திரும்பவும் கூப்பிடுவார்கள்" என்றேன். அவன் சொன்னான், நான் மொழிபெயர்த்தேன். நானும் வேலையில் சேர்ந்த நாளில் அந்தக் கட்டத்தை நிரப்பியவன்தான். அதனால் எனக்குக் கெடுதல் ஏதும் வந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அவனுடைய தயக்கம் எனக்கு உறைக்கவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி போனேன். பையன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். வற்புறுத்திக் கேட்டபின் சொன்னான்: "கக்கூசு கழுவுற வேலைக்கு மாத்திட்டாங்கண்ணா. அன்னிக்கு எழுதினாங்கல்ல, அதுக்கு மறுநாள்லேருந்து." என்மேல் குறை சொல்லும் தொனி அதில் இல்லை. நாளும் காரணமும் மட்டுமே சொன்னான். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சங்கத்து வக்கீல் நண்பரிடம் போய்ச் சொன்னேன். விசாரணைக் கைதி குற்றம் நிரூபிக்கப்படாதவன். அவனிடம் கட்டாய வேலை வாங்கச் சட்டத்தில் இடமே கிடையாது என்று அவர் கொதித்தார். 1979இல் நடந்த ஒரு வழக்கையும் சொன்னார். தில்லித் திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாயிருந்த சுனில் பத்ரா என்பவர், சக கைதி ஒருவரை வார்டர் ஒருவர் பணம் பறிப்பதற்காகச் சித்திரவதை செய்தார் என்று சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். முத்திரைத் தாளுமில்லை, வக்கீலுமில்லை. கோர்ட் அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்று, வக்கீல்களைச் சிறைக்குள் அனுப்பி விசாரிக்கச் செய்தது. சிறைக்குள் போனவனோடு அரசியல் சட்டமும் உள்ளே போகிறது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அதற்கு முந்தைய ஆண்டு அதே பத்ரா தம் தனிமைச் சிறையை எதிர்த்துத் தொடுத்த வழக்கிலும், மேல்முறையீடு முடியாத மரண தண்டனைக் கைதியைச் சிறை அதிகாரிகள் தம் விருப்பப்படி தனித்து அடைக்கலாகாது என்று தீர்ப்பாயிற்று.

"நீரும் ஒரு கடிதம் எழுதும், மாவட்ட நீதிபதிக்கு" என்றார் நண்பர். எழுதினேன். இரண்டு பக்கம். கையொப்பமும் இட்டேன். ஆனால் தபாலில் சேர்க்கவில்லை. அரசாங்க உத்தியோகம், சிறை அதிகாரிகளைப் பற்றிப் புகார், நாளை என் மேலதிகாரி அழைத்துக் கேட்டால்? மனைவியும் அஞ்சினாள். முதலில் பையன் வெளியே வரட்டும், பிறகு பார்ப்போம் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். மரண தண்டனை பெற்ற ஒருவர் துணிந்து எழுதினார். மாதச் சம்பளம் வாங்குகிற என்னால் முடியவில்லை. அந்தக் கடிதம் இன்றும் எங்கள் அலமாரியில் இருக்கிறது.

ஜாமீன் கிடைத்தது, ஆனால் அது மற்றொரு பூட்டு. உள்ளூரில் சொத்துள்ள இருவர் பிணை நிற்கவேண்டும் என்றது உத்தரவு. தருமபுரியில் அரை ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கும் மாமன் இங்கே செல்லமாட்டார். நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் எல்லோரும் இதை யோசித்துப் பார்க்கவேண்டும். நமக்கு ஏதாவது நேர்ந்தால் இந்த ஊரில் வீட்டுப் பத்திரத்தோடு வந்து நிற்கப்போகிறவர் யார்?

இந்தக் கேள்வியைச் சுப்ரீம் கோர்ட்டே 1978இல் கேட்டிருக்கிறது என்று வக்கீல் நண்பர் சொன்னபோது வியந்து போனேன். மத்தியப் பிரதேசத்தில் மோத்திராம் என்ற கொத்தனாருக்கு ஜாமீன் உத்தரவான பிறகு, கீழ்க் கோர்ட்டில் பதினாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டார்கள். அவருடைய சகோதரர் பிணை நிற்க வந்தார். அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டம் என்று மறுத்துவிட்டார்கள். தீர்ப்பெழுதிய வி. ஆர். கிருஷ்ணய்யர், ஒரு தமிழனோ மலையாளியோ கன்னடியனோ ஆந்திரனோ பாஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால் அங்கே சொத்துள்ள பிணையாளிக்கு எங்கே போவான் என்று கேட்டிருக்கிறார். கொத்தனாரை ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பிணையில் விடுவிக்க உத்தரவாயிற்று. கிருஷ்ணய்யர் பாலக்காட்டில் பிறந்தவர். 1957இல் கேரள அமைச்சரவையில் சிறைத்துறையையும் கவனித்தவர். அதற்கு முன்பே, 1948இல், தாமே சிறிது காலம் சிறையில் இருந்தவர். உள்ளே இருந்தவருக்கு உள்ளே இருப்பவனைத் தெரியும் போலும்.

அந்தத் தீர்ப்பை நண்பர் எடுத்துக் காட்டினார். மாஜிஸ்டிரேட் முழுதும் இணங்கவில்லை. ஒரு பிணையாளி போதும், சம்பளச் சான்று போதும் என்றார். இம்முறை நான் பின்வாங்கவில்லை. சான்று கேட்டபோது அலுவலகத்தில் சிலர், "ஊர் பேர் தெரியாதவனுக்காகவா?" என்றார்கள். ஊரும் பேரும் எனக்கு நன்றாகவே தெரியும், நான்தானே மொழிபெயர்த்தேன் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். நாற்பத்து மூன்றாம் நாள் பையன் வெளியே வந்தான். எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினான். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தான். வழக்கு ஒன்றரை ஆண்டு இழுத்து, அவன் குற்றமற்றவன் என்று முடிந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தவறாமல் வந்தான்.

2024ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பளித்தது. சுகன்யா சாந்தா என்னும் பத்திரிகையாளர் தொடுத்த வழக்கு. சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதும், இருப்பிடம் பிரிப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தலைமை நீதிபதி சந்திரசூட் முதலிய மூவர் தீர்ப்புரைத்தனர். துப்புரவுப் பணிக்கு இன்ன சாதியார் என்றும், சமையலுக்கு இன்ன சாதியார் என்றும் சில மாநிலங்களின் சிறை விதிகளில் அச்சிட்டே வைத்திருந்தார்களாம்! எழுதப்படாத வழக்கம் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். நம் தாய்நாடும் தப்பவில்லை. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததும் அந்தத் தீர்ப்பில் பேசப்படுகிறது. கலகம் வராமல் தடுக்கவே அப்படி என்ற சமாதானத்தைக் கோர்ட் ஏற்கவில்லை. விதிகளை மூன்று மாதத்தில் திருத்தவேண்டும். சிறைப் பதிவேடுகளில் சாதிக் கட்டத்தையே நீக்கிவிடவேண்டும் என்று உத்தரவு.

கட்டத்தையே நீக்குவது! செய்தித்தாளை இரண்டுமுறை படித்தேன். குமாஸ்தாக்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். கட்டம் இருந்தால் எவனாவது ஒருவன் அதை நிரப்பியே தீருவான்.

அன்று மாலையே பையனுக்குத் தொலைபேசியில் பேசினேன். இப்போது சத்தீசுகரில் வேறொரு லாரியில் இருக்கிறான். பின்னணியில் இயந்திரம் இரைந்தது. செய்தியைச் சொன்னேன். இயந்திரத்தை விட்டுச் சற்று விலகிப் போய்க் கேட்டான்:

"இனிமே எழுத மாட்டாங்க, சரிண்ணா. அன்னிக்கு என் பேருக்கு நேரா எழுதினாங்களே, அதையும் அடிச்சிருவாங்களா?"

உத்தரவில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். அவன் நம்பினானா என்று தெரியவில்லை. "அந்தப் பக்கத்தை நீங்க பாத்தீங்கல்லண்ணா, நீல அட்டை நோட்டு" என்றான். ஆம் என்றேன். நீல அட்டைதான், இடப்பக்கம், மேலிருந்து ஏழாவது வரி.