வெண்பனி மலையில் ஓர் எச்சரிக்கை

எமது நாட்டில் பனி என்றால் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் புல் நுனியில் நிற்கும் ஈரம்தான். வெயில் ஏற அது மறைந்துவிடும். ஆனால் எம்மில் பலருடைய சகோதரர்களும் பிள்ளைகளும் இன்று வேறொரு பனிக்குள் வாழ்கின்றார்கள். "இண்டைக்குச் சரியான சினோ" என்று அவர்கள் தொலைபேசியில் சொல்லும்போது, அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு உழைப்பும் எவ்வளவு ஆபத்தும் அடங்கியிருக்கின்றன என்பது எமக்கு விளங்குவதில்லை.

எனது மூத்த அக்கா சுவிஸ் நாட்டின் டாவோஸ் என்ற மலை நகரத்தில், பனிச்சறுக்கு விளையாட வரும் உல்லாசப் பயணிகள் தங்கும் ஹோட்டல் ஒன்றில் அறைகளைத் துப்புரவு செய்யும் வேலையில் இருக்கிறார். 2018ஆம் ஆண்டு மாசி மாதம் மூன்று கிழமைகள் அவருடன் தங்கியிருந்தேன். அந்த நாட்களில் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது, அக்கா வானிலை அறிக்கையைப் படிக்கும் விதமே. வன்னியில் கிணற்று நீரைப் பார்த்தே மழைக்காலத்தைச் சொல்லும் எங்கள் அம்மாவின் மகள், அங்கே டொச் மொழியில் வரும் பனி அறிக்கையை வரிவரியாக வாசித்து விளங்கிக்கொள்கிறார்.

அதற்கு முதற் காரணம் வயிற்றுப்பாடு. அக்காவின் சம்பளம் மணித்தியாலக் கணக்கில் வருவது. பனி பெய்தால் பயணிகள் வருவார்கள். பனி இல்லாவிட்டால் அறைகள் வெறுமையாகும், வேலை மணித்தியாலங்களும் குறையும். அங்கு எம்மவருக்கு வானம் பார்த்த பூமி என்பது வயல் அல்ல, மலைச்சரிவு.

பனி அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது உயரம் என்று அக்கா சொல்லித் தந்தார். டாவோஸ் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,560 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே மலையில் சறுக்குப் பாதைகள் 2,500 மீற்றரையும் தாண்டிச் செல்கின்றன. 100 மீற்றர் மேலே போனால் வெப்பநிலை சராசரியாக 0.6 பாகை அளவில் குறையும். ஆகவே நகரத்தில் மழை கொட்டும் அதே நேரத்தில் மலை உச்சியில் பனி கொட்டலாம். அறிக்கையில் "பனி எல்லை 1,800 மீற்றர்" என்று இருந்தால், அதற்குக் கீழே மழை, மேலே பனி என்பது பொருள். இந்த எல்லை ஒரே நாளில் பல நூறு மீற்றர் ஏறி இறங்கும். தெற்கேயிருந்து மலையைக் கடந்து வரும் "போன்" எனப்படும் சூடான காற்று வீசினால், காலையில் மாப்போல இருந்த பனி பின்னேரம் சேறாகிவிடும். இரவில் அது உறைந்து கண்ணாடிபோல இறுகும்.

பனியின் அளவைக் கணிப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1 மில்லிமீற்றர் மழைக்குரிய நீர் பனியாக விழுந்தால் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் புதுப்பனி நிற்கும். குளிர் கூடினால் பனி இன்னும் பஞ்சுபோலாகி உயரும். ஈரம் கூடினால் அமுங்கும். நாளைய அறிக்கையை ஓரளவு நம்பலாம். ஐந்து நாளுக்குப் பின் வரும் எண்ணிக்கையை நம்பி ஒன்றும் தீர்மானிக்கக்கூடாது என்பது அக்காவின் சட்டம்.

அடுத்தது, அறிக்கையைச் சொல்பவர் யார் என்பது. சமூகவியல் படித்த எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது. பனிச்சறுக்கு நிலையங்கள் தாங்களே "இன்று இத்தனை சென்ரிமீற்றர் புதுப்பனி" என்று அறிவிக்கின்றன. அறிவிப்பவருக்கே அதனால் வருமானம். அமெரிக்காவில் ஜோனதன் சின்மன், எரிக் சிற்ஸ்விட்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் இந்த அறிவிப்புகளை அரசாங்க வானிலைத் தரவுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். பயணிகள் அதிகம் வரக்கூடிய சனி, ஞாயிறு நாட்களில் நிலையங்கள் அறிவித்த பனி அளவு கூடியிருந்ததையும், வானிலைத் தரவுகளில் அப்படியொரு கூடுதல் இல்லாததையும் கண்டார்கள். அவர்களின் ஆய்வு 2016இல் வெளிவந்தது. வானத்துக்குச் சனியும் தெரியாது, ஞாயிறும் தெரியாது. கணக்கை எழுதுபவருக்குத் தெரியும்.

ஆனால் ஆபத்தைச் சொல்வதற்கு அங்கே வேறொரு நிறுவனம் இருக்கிறது. டாவோஸிலேயே பனி மற்றும் பனிச்சரிவு ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. 1936இலிருந்து அந்த மலையில் பனியை அளந்து வருகிறார்கள். 1945இலிருந்து பொதுமக்களுக்குப் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறார்கள். குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் பின்னேரம் 5 மணிக்கும், காலை 8 மணிக்கும் அறிக்கை வரும். "வைட் றிஸ்க்" என்ற செயலி மூலம் அதைக் கைத்தொலைபேசியிலும் பார்க்கலாம். ஆபத்து 5 படிகளாகச் சொல்லப்படும்: 1 குறைவு, 2 மிதமானது, 3 குறிப்பிடத்தக்கது, 4 அதிகம், 5 மிக அதிகம். இந்த ஐந்து படிகளும் 1993இலிருந்து ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானவை.

அக்கா இந்த அறிக்கையைப் படிக்கப் பழகியது மகனுக்காக. அவருக்கு அப்போது 19 வயது. பலகையில் நின்று சறுக்குவதில் நல்ல கெட்டிக்காரன். நண்பர்களுடன் சேர்ந்து, குறியிடப்பட்ட பாதைக்கு வெளியே, யாரும் மிதியாத பனியில் இறங்குவதில் விருப்பம் கூட. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அறிக்கையில் 3 என்று வந்தது.

"மூண்டு தானே அம்மா. அஞ்சில நடு" என்றார் மகன்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "மூண்டு நடு இல்லை. ஆக்கள் கூடச் சாகிறது மூண்டிலதான். எந்தப் பக்கச் சரிவில இறங்கப் போறீங்கள்? எத்தினை மீற்றருக்கு மேல? நேற்று அடிச்ச காத்து பனியை எங்க கொண்டுபோய்க் குவிச்சிருக்கு?"

அவர் சொன்னது சரி. சுவிஸில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் 3ஆம் படி அறிவிக்கப்பட்ட நாட்களிலேயே இறக்கிறார்கள். 4, 5 என்றால் எல்லோரும் பயந்து வீட்டில் நிற்பார்கள். 3 என்றால் வெயில் அடிக்கும், வானம் நீலமாக இருக்கும், துணிந்து போவார்கள். அடியில் சீனிபோல உதிரியாக ஒரு பலவீனமான படை இருக்கும். அதற்கு மேலே காற்று கொண்டுவந்து குவித்த பனி பலகைபோலக் கிடக்கும். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஒரு மனிதனின் பாரமே அதை உடைக்கப் போதும். பெரும்பாலும் புதையுண்டவரோ அவருடன் வந்தவரோதான் சரிவைக் கிளப்பியிருப்பார்கள். பனிக்குள் புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் உயிருடன் இருக்க வாய்ப்பு அதிகம். அதன்பின் அது வேகமாகக் குறைந்துவிடும்.

அன்றைய அறிக்கையில், 2,200 மீற்றருக்கு மேல் வடக்குப் பக்கச் சரிவுகள் ஆபத்தானவை என்று எழுதியிருந்தது. மகன் போக நினைத்ததும் அதே பக்கம். கேள்விகளுக்கு மறுமொழி சொல்ல முடியாமல் சிறிது நேரம் இருந்தார். பிறகு நண்பர்களுக்குத் தொலைபேசி எடுத்தார். மறுநாள் எல்லோரும் குறியிட்ட பாதையிலேயே சறுக்கினார்கள். குறியிட்ட பாதை என்றால், வல்லுநர்கள் காலையில் பார்த்து, தேவையானால் வெடி வைத்துப் பனியை முன்கூட்டியே விழுத்தி, அதன் பிறகு திறந்துவிடும் பாதை. கண்ணிவெடி அகற்றிய நிலத்தில், அடையாளமிட்ட பாதையை விட்டு விலகாமல் நடந்து பழகிய எமக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

"செல் சத்தத்தை வைச்சு, இது போற செல்லோ வாற செல்லோ எண்டு அந்த நேரம் சொல்லுவம். அதை எங்களுக்கு ஆரும் படிப்பிக்கேல்லை. இது படிப்பிக்கிறாங்கள், நான் படிக்கிறன்" என்று அன்று இரவு அக்கா சொன்னார்.

ஆனால் அறிக்கை மட்டும் ஆட்களைக் காப்பாற்றிவிடுவதில்லை. 1950–51 குளிர்காலத்தில் சுவிஸில் 98 பேர் பனிச்சரிவுகளால் இறந்தார்கள். அதன் பின்னர் ஊர்களுக்கு மேலே இரும்புத் தடுப்புகள் அமைத்தார்கள். வீடு கட்டக்கூடாத இடங்களைச் சிவப்பு நிறத்தில் வரைபடத்தில் குறித்தார்கள். ஆட்களை எங்கே கொண்டுபோய் இருத்துவது என்பதையும் திட்டமிட்டார்கள். 1999 மாசியில் மறுபடியும் பெரும் பனி கொட்டியபோது வீடுகளிலும் வீதிகளிலும் இறந்தவர்கள் 17 பேர். அதுவும் துயரமே. எனினும் 98 எங்கே, 17 எங்கே.

எமது நாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2004 மார்கழி 26இல் நிலநடுக்கத்துக்கும் கிழக்குக் கரையில் அலை ஏறியதற்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. 2014 ஐப்பசி 29இல் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் லயன்களை மண் மூடியது. அங்கே முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறு இடம்தான் இருக்கவில்லை.

இன்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளாக வெளியிடுகிறது. மஞ்சள் விழிப்பாக இருக்க, செம்மஞ்சள் வெளியேற ஆயத்தமாக, சிவப்பு உடனே வெளியேற. இவை பற்றி மாதர் சங்கக் கூட்டங்களில் நாம் கதைக்க வேண்டும். எமது ஊருக்கு எந்த நிறம், சொல்பவர் யார், அது எங்கள் மொழியில் வருகிறதா, வெளியேறச் சொன்னால் எந்தக் கட்டிடத்துக்குப் போவது, நடக்க முடியாத முதியவரை யார் தூக்குவது, உறுதியையும் அடையாள அட்டையையும் எந்தப் பையில் வைத்திருப்பது என்ற கேள்விகளுக்கு மழைக்காலத்துக்கு முன்பே விடை இருக்க வேண்டும். விடை தெரியாவிட்டால் கிராம சேவையாளரிடமும் பிரதேச செயலகத்திலும் போய்க் கேளுங்கள். தனியாகப் போக வேண்டாம், நாலைந்து பேராகப் போங்கள்.