விடவேண்டிய கேள்விகள்

அக்டோபர் 6

தசராக் கூட்டம் கலைந்து, மைசூர் சயாஜிராவ் ரோட்டில் மறுபடி நடக்க முடிகிறது. சிஎஸ்ஐஆர் நெட் தேர்வுக்கு இந்த மாதத்தோடு விண்ணப்பம் முடிகிறது. உயிர் அறிவியல் தாளை எழுதுவதா, வேண்டாமா? மானசகங்கோத்ரியில் எம்எஸ்சி முடித்தாயிற்று. நான்கு செமஸ்டர், ஆய்வறிக்கை, வாய்மொழித் தேர்வு என்று எல்லாம் தாண்டி வந்தவளை, அதே பாடத்தில் மூன்று மணி நேரம் கணினிமுன் உட்காரவைத்து விடைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது ஏன்? கோபம்தான் வருகிறது.

அக்டோபர் 8

கோபத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பார்த்தேன். தேர்வில் ஜேஆர்எஃப் உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அப்பாவிடம் கை நீட்டாமல் ஆராய்ச்சி செய்யலாம். அது கிடைக்காமல் தேறினாலும், 2024 மார்ச்சில் யுஜிசி அறிவித்தபடி, நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்டி சேர்க்கைக்கு முயலலாம்: மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30. ஆனால் அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். அமெரிக்காவில் இருக்கும் சீனியர் அக்காவுக்கு இதெல்லாம் வியப்பாக இருக்கிறது. அங்கே ஜிஆர்இ உயிரியல் பாடத்தேர்வையே 2021-இல் நிறுத்திவிட்டார்கள்.

அக்டோபர் 11

அம்மாவோடு தேவராஜ மார்க்கெட். நஞ்சன்கூடு ரசபாளே வாழைப்பழம் ஒரே ஒரு கடையில்தான் கண்ணில் பட்டது. என் ஆய்வறிக்கையே அதன் வாடல் நோய் பற்றியது. ஃபுசேரியம் பூசணம் பயிர் இல்லாமலே மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். வேர் வழியாக நுழைந்து நீர்க்குழாய்களை அடைக்கும். இலை ஓரம் மஞ்சளாகித் தண்டையொட்டி மடிந்து தொங்கும்போது விவசாயிக்குச் செய்ய ஒன்றும் மிச்சமிருக்காது. மண்ணைச் சலித்து, தட்டில் வளர்த்து, மாதக்கணக்கில் பார்த்தேன். நெட் பாடத்திட்டத்தில் 13 அலகுகள்; அதில் என் பூசணத்துக்கு ஒரு கேள்வி வந்தால் அதிர்ஷ்டம். எனக்கு நன்றாகத் தெரிந்ததை இந்தத் தேர்வு கேட்கப்போவதில்லை. உண்மையான வருத்தம் அதுதான்.

அக்டோபர் 13

பழைய வினாத்தாளோடு உட்கார்ந்தேன். 'சி' பகுதியில் 75 கேள்விகள், எழுதவேண்டியது 25. ஒன்றுக்கு நான்கு மதிப்பெண், தவறினால் ஒன்று போகும். மொத்தம் 200-இல் 100 இங்கேதான். இதை இத்தனை நாள் பயமுறுத்தலாகவே பார்த்திருந்தேன். ஐம்பது கேள்விகளைத் தொடாமலே விடலாம் என்பது இன்றுதான் மனத்தில் உறைத்தது. கல்லூரித் தேர்வுகள் எதையும் விடக்கூடாது என்றே பழக்கின. இங்கே எனக்கு எது தெரியாது என்று நேர்மையாக அறிந்திருக்க வேண்டும். ஆராய்ச்சிக்கும் அது வேண்டியதுதானே. கோபம் பாதி இறங்கிவிட்டது.

அக்டோபர் 16

ஈரோட்டிலிருந்து பெரியப்பா பேசினார். "கேசெட் எழுதேன் கண்ணு, அதில் மைனஸ் மார்க் கிடையாதாமே?" உண்மைதான். கர்நாடகத்தின் மாநிலத் தகுதித் தேர்வான அதில் தேறினாலும் இங்கே உதவிப் பேராசிரியர் வேலைக்குப் போகலாம். ஆனால் திம்பம் மலையைத் தாண்டினால் செல்லாது. அந்தப் பக்கத்துக்குத் தமிழ்நாட்டின் செட் வேறு. இரண்டு மாநிலத்திலும் சொந்தங்கள் இருக்கும் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு நெட்தான் பொருந்தும். பெரியப்பாவும் கடைசியில், "அப்போ அதையே எழுதும்மா" என்றார்.

அக்டோபர் 19

எழுதுகிறேன். தாவர உடலியலில் ஒளிச்சேர்க்கை, நீர்க்கடத்தல் தவிர மற்றதை விடுகிறேன். பரிணாமக் கணக்குகளையும் வளர்ச்சி உயிரியலில் பாதியையும் விடுகிறேன். மூலக்கூறு உயிரியல், நோய் எதிர்ப்பியல், சூழலியல், ஆய்வு முறைகள் நான்கையும் முழுதாகப் பிடிக்கிறேன். தட்டும் நுண்ணோக்கியுமாகக் கழிந்த மாதங்கள் ஆய்வு முறைகளில் கைகொடுக்கும். விண்ணப்பத்தில் போட்டோ மட்டும் ஏறமாட்டேன் என்கிறது. நாளை காலை தேவராஜ அர்ஸ் ரோடு ஸ்டூடியோவில் புதிதாக எடுத்து, மதியத்துக்குள் கட்டணம் கட்டிவிட வேண்டும்.