விளக்கெண்ணெயும் அரைமணி நேரமும்

எழுத வேண்டும் என்ற ஆசை நம்மவருள் பலருக்கு உண்டு. எழுதி முடித்தவர் சிலரே. காரணம் கேட்டால், "நேரம் எங்கே கிடைக்கிறது?" என்பார்கள். நானும் பல்லாண்டு அவ்வாறு சொன்னவன்தான். எனக்கு நேரம் கிடைத்த விதத்தையும், அதை யார் தந்தார் என்பதை நான் எவ்வளவு பிந்தி அறிந்தேன் என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

1979ஆம் ஆண்டு, பாடசாலை மாணவனாக இருந்தபோது, மார்கழி விடுமுறையில் முந்நூறு பக்க நாவலொன்றை எழுதிவிடுவதென்று தீர்மானித்தேன். நாளொன்றுக்குப் பத்துப் பக்கம், முப்பது நாள். கணக்கு அழகாகவே இருந்தது. முதல் நாள் பத்துப் பக்கம் எழுதினேன். இரண்டாம் நாள் நான்கு. மூன்றாம் நாள் வீட்டுக்கு விருந்தினர் வந்தனர். நான்காம் நாட் காலையில் எழுதவேண்டிய பக்கங்கள் இருபத்தாறாகப் பெருகி நின்றன. கடன்பட்டவன் கடைக்காரனைக் கண்டு ஒழிவதுபோல நான் மேசையைக் கண்டு ஒழிந்தேன். நாவல் பதினான்காம் பக்கத்தோடு நின்றது. என்னைத் தோற்கடித்தது நானே போட்ட கணக்குத்தான்.

பின்னர் ஆசிரியனானேன், மணமுடித்தேன், இரு பிள்ளைகளுக்குத் தந்தையும் ஆனேன். 1993ஆம் ஆண்டு நண்பர் ஒருவர் அந்தோனி டிரொலப் என்னும் ஆங்கில நாவலாசிரியரின் சுயசரிதையைப் படிக்கத் தந்தார். அவர் மறைந்த மறு ஆண்டில், 1883இல், வெளிவந்த நூல் அது. டிரொலப் பல்லாண்டு தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். அதிகாலை 5.30 மணிக்கே எழுத அமர்ந்து, கடிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு, கால்மணி நேரத்துக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். 8.30 மணிக்குள் அன்றைய எழுத்து முடிந்துவிடும். எழுதிய பக்கங்களைக் குறிப்பேட்டில் கணக்கு வைப்பார். அவர் எழுதிய நாவல்கள் 47.

மூன்று மணி நேரத்துக்கு நான் எங்கே போவேன்? அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் அரிது, விலையோ சொல்லி முடியாது. ஜாம் போத்தல் விளக்கிலேதான் பிள்ளைகள் படித்தார்கள். காலையில் எனக்கென ஒதுக்கக்கூடிய எண்ணெய் அரைமணி நேரத்துக்கே போதும். ஆகவே டிரொலப்புக்குக் கடிகாரம் எப்படியோ, எனக்கு விளக்கு அப்படியாயிற்று. ஐந்து மணி முதல் ஐந்தரை வரை ஒரு பக்கம். அவ்வளவுதான். விட்ட நாளின் பக்கத்தை மறுநாளின் தலையில் ஏற்றுவதில்லை என்றும், மறுநாள் எழுதவேண்டிய முதல் வசனத்தை மனத்தில் வைத்துக்கொண்டே எழுந்திருப்பதென்றும் விதித்துக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளில் 80 பக்கக் கொப்பிகள் ஏழு நிறைந்தன. பத்துப் பக்கத்தால் ஆகாத காரியம் ஒரு பக்கத்தால் ஆயிற்று.

ஐந்து மணிக்கு விளக்கோடு தேநீரும் மேசைக்கு வந்துவிடும். "இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறப்போகுது" என்ற குரலே எனக்குக் கோழி கூவுதல்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் அனைவரும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, உறுதிகளோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் அந்த ஏழு கொப்பிகளையும் ஒரு பையிற் கட்டி எடுத்து வந்தவள் என் மனைவிதான். நான் மறந்தே போயிருந்தேன்.

2023ஆம் ஆண்டு ஒருநாள், ஓய்வு பெற்ற நிலையில், அக்கொப்பிகளை விரித்து வைத்துக்கொண்டு, "இவையாவது தப்பினவே" என்றேன். "என்ரை கொப்பிதான் அங்கேயே போச்சுது" என்றாள் அவள், கறிக்குக் காய் நறுக்கியபடியே.

எனக்கு விளங்கவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள். மணமான நாள் முதலாக, தன் பேத்தியார் சொன்ன கதைகளை ஒரு கொப்பியில் எழுதி, குசினி அலுமாரியில் அரிசித் தகரத்தின் பின்னே வைத்திருந்தாளாம். பிள்ளைகள் உறங்கிய பின் இரவில் எழுதுவாளாம். 1993இல் அதை நிறுத்திவிட்டாள். "இரண்டு பேருக்கும் எண்ணெய் காணாது. உங்கடை எழுத்து நடந்துகொண்டிருந்தது. என்ரை முடியாததுதானே; அதுதான் எடுக்கேல்லை."

அன்று டிரொலப்பின் நூலை மறுபடி தேடி எடுத்தேன். முதலில் ஓடிப் படித்த ஒரு பகுதி கண்ணிற் பட்டது. விடியலில் தம்மை எழுப்புவதற்கு ஒரு முதிய குதிரைக்காரனுக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண் மேலதிகமாகக் கொடுத்தார் அவர். அவன் கோப்பி கொண்டுவர ஒருநாளேனும் பிந்தியதில்லை. தமது வெற்றிக்கு வேறெவரையும்விட அவனுக்கே தாம் கடமைப்பட்டவரோ என்றும் அவர் எழுதியிருக்கிறார். கால்மணிக்கு 250 சொற்கள் என்ற கணக்கைப் பிடித்துக்கொண்ட நான், இந்தக் கணக்கை விட்டுவிட்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஐந்து மணித் தேநீரை நான் வைக்கிறேன். முதல் வாரம் சீனி கூடிவிட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய இலக்கு என்னுடையதிலும் சிறியது: வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு அரைப் பக்கம். பேத்தியாரின் கதைகளுள் சில நினைவுக்கு வரவில்லை. வந்தவற்றால் ஒரு கொப்பி நிறைந்துவிட்டது, இரண்டாவது நடக்கிறது.

மாணவர்களே, எழுத விரும்பினால், காய்ச்சல் நாளிலும் எட்டக்கூடிய இலக்கை வையுங்கள். பரீட்சைக் காலமாயின் ஐந்து வரி போதும். ஆனால் உங்கள் அரைமணி நேரம் யாருடைய வேலைப் பளுவின்மேல் நிற்கிறது என்பதையும் பாருங்கள். வீட்டிலே இன்னொரு கொப்பி அரிசித் தகரத்தின் பின்னே இருக்கக்கூடும். அதற்கும் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள்.