சக்கரம் வரை சேராத பெட்ரோல்

சிறிய காரின் எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மீதியில் பெரும்பகுதி சூடாக ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியே போய்விடுகிறது. உராய்வும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. இந்த இழப்பு எல்லாக் கார்களுக்கும் உண்டு. எந்த மெக்கானிக்காலும் அதை ஒழிக்க முடியாது. ஏற்கெனவே மெலிந்த அந்தக் கால் பங்கிலிருந்தும் சிறிது சிறிதாகக் கசியத் தொடங்கும்போதுதான் வண்டி பெட்ரோலைக் குடிக்கிறது என்ற புகார் எழுகிறது. காவிரி டெல்டாவில் கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையைச் சுற்றியுள்ள விவசாயிகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கல்லணையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை என்றால், எங்கோ ஓரிடத்தில் பெரிய உடைப்பு என்று யாரும் உடனே முடிவுகட்டுவதில்லை. எலி வளை, நண்டு வளை, பழுதான மதகு, வாய்க்காலை அடைத்த ஆகாயத்தாமரை என்று நெடுக நடந்து பார்க்கிறார்கள். காரிலும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

முதல் வேலை அளப்பது. டேஷ்போர்டு முள்ளைப் பார்த்தோ, ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டது எத்தனை நாள் வந்தது என்று எண்ணியோ மைலேஜைச் சொல்ல முடியாது. டேங்கை நிரப்பும்போது பங்க் குழாய் தானாக நிற்கும் இடத்தோடு விட்டுவிட்டு, ட்ரிப் மீட்டரைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். முந்நூறு நானூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே பங்கில் மறுபடியும் தானாக நிற்கும் வரை நிரப்ப வேண்டும். 400 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 16. ஒரு முறை அளப்பது போதாது. மூன்று முறை அளந்து நோட்டில் எழுதினால்தான் அந்த எண்ணை நம்பலாம். இதைச் செய்யாமல் ஒர்க் ஷாப்பில் வண்டியை விடுவது, நாடி பார்க்காமல் மருந்து வாங்குவதற்குச் சமம்.

கிடைத்த எண்ணை எதோடு ஒப்பிடுவது என்பதிலும் பலருக்குத் தவறு நேர்கிறது. விளம்பரத்தில் வரும் மைலேஜ், சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை ஓட்டி, ஏசி இல்லாமல், வகுத்துவைத்த ஒரே வேக வரிசையில் எடுப்பது. புனேயில் 1966 முதல் இயங்கும் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் இதற்குச் சான்று தருகிறது. 2019-இல் வந்த ஆல்டோ 800-க்கு அப்படிக் கிடைத்த எண் 22.05. அது ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட உதவும். கும்பகோணம் கடைத்தெருவில் அதையே எதிர்பார்ப்பது நியாயமில்லை. காரின் கடந்த ஆண்டு மைலேஜோடு இந்த ஆண்டு மைலேஜை ஒப்பிடுவதே சரியான ஒப்பீடு. முன்பு 17 கொடுத்த வண்டி இப்போது 13 கொடுத்தால் கோளாறு இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து 15 கொடுக்கும் வண்டி 15 கொடுத்தால், பார்க்க வேண்டியது வண்டியை அல்ல, ஓடும் பாதையையும் ஓட்டும் காலையும்.

பாதை என்று வரும்போது சுவாமிமலை சிறு காருக்குக் கடினமான ஊர். நிலம் முழுக்கச் சமதளம், ஏற்றமே இல்லை. ஆனாலும் கும்பகோணம் ஏழெட்டு கிலோமீட்டர்தான். கடைக்கும் பள்ளிக்கும் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பும் ஓட்டமே அதிகம். சித்திரை வெயிலில் நின்ற கார்கூட எஞ்சினின் கணக்கில் குளிர்ந்த கார்தான். வெளியே 38 டிகிரி இருந்தாலும், எஞ்சின் நன்றாக வேலை செய்ய அதன் குளிர்விப்பு நீர் 80 டிகிரியைத் தாண்ட வேண்டும். அதுவரை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி பெட்ரோலைக் கூடுதலாகவே பீய்ச்சுகிறது, எண்ணெயும் கெட்டியாக இருக்கிறது. சூடேறும் முன்பே அணைந்துவிடும் இந்தக் குட்டி ஓட்டங்கள் எந்தக் காரின் மைலேஜையும் விழுங்கிவிடும். நான்கு தனி வேலைகளை ஒரே சுற்றில் முடிப்பதைவிட இதற்கு நல்ல மருந்து இல்லை. காலையில் நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விடும் பழைய வழக்கமும் இப்போது தேவையற்றது. கிளம்பி மெதுவாக ஓட்டினாலே விரைவில் சூடேறும்.

அடுத்தது பிரேக். நான்கு பேர் உட்கார்ந்த சிறு கார் 900 கிலோவுக்கு மேல் இருக்கும். அதை நின்ற நிலையிலிருந்து மணிக்கு 50 கிலோமீட்டருக்குக் கொண்டுவர ஏறத்தாழ 10 மில்லி பெட்ரோல் செலவாகிறது. பிரேக்கை அழுத்தினால் அந்த 10 மில்லியும் பிரேக் தட்டில் சூடாகிப் போய்விடும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரை அய்யம்பேட்டை, பாபநாசம், சுந்தரபெருமாள்கோவில், தாராசுரம் என்று ஊர் ஊராகப் போகும் பழைய சாலை சுமார் 40 கிலோமீட்டர். வேகத்தடை, பேருந்து நிறுத்தம், குறுக்கே வரும் மாடு என்று இருபத்தைந்து முறை நின்று கிளம்பினால் கால் லிட்டர் பிரேக்கிலேயே போகிறது. முன்னே தெரியும் தடைக்கு முந்நூறு அடிக்கு முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் ஓட்டுநர், கிட்டே போய் அழுத்தி நிறுத்தும் ஓட்டுநரைவிட இதில் பாதியையாவது மீட்டுவிடுவார். மூர்க்கமாக ஓட்டுவது நின்று நின்று போகும் சாலையில் மைலேஜை 10 முதல் 40 சதவீதம் வரை குறைக்கும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. கோளாறு இல்லாத வண்டிக்கு ஒர்க் ஷாப்பில் எந்தச் செலவு செய்தாலும் இவ்வளவு திரும்பக் கிடைக்காது.

இங்கே நியூட்ரல் பற்றிய தவறான நம்பிக்கை ஒன்றைச் சொல்ல வேண்டும். கியரை விடுவித்து உருள விட்டால் பெட்ரோல் மிச்சம் என்ற எண்ணம் கார்புரேட்டர் காலத்தது. 1983-இல் வந்த மாருதி 800-இன் 796 சிசி எஞ்சின் தொடக்கத்தில் கார்புரேட்டரோடு இருந்தது. அதற்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தியது. இன்ஜெக்டர் வந்த கார்களில் கியர் போட்டபடி காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். கணினி பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் உருண்டால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருக்கிறது. மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

வேகத்தைப் பற்றி டெல்டாவில் இப்போது புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது. விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நான்குவழிச் சாலையின் சேத்தியாத்தோப்பு – சோழபுரம் பகுதி 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. நின்று கிளம்பும் இழப்பு அங்கே இல்லை. ஆனால் கால் தானாக அழுந்துகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 80-இலிருந்து 100-க்குப் போனால் அது பாதிக்கு மேல் அதிகரிக்கிறது. கூரையில் கேரியர் வைத்து மூட்டை கட்டிய கார் இன்னும் அதிகமாக இழக்கும். மூட்டை இல்லாத வெறும் கேரியரும் காற்றைப் பிடிக்கும். பெட்ரோலியச் சிக்கன ஆராய்ச்சிச் சங்கம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் 45–55 கிலோமீட்டர் வேகம் நான்குவழிச் சாலையில் எல்லாருக்கும் ஒத்துவராது. 70-ஐ ஒட்டி ஒரே சீராகப் போவது நேரத்துக்கும் பெட்ரோலுக்கும் நடுவே நியாயமான உடன்பாடு.

நவக்கிரகச் சுற்றுலாவுக்கு ஓடும் கார்களின் கசிவு வேறு. திங்களூர் முதல் திருநள்ளாறு வரை ஒன்பது கோயில்களையும் ஒரே நாளில் சுற்றும் வண்டி, ஒவ்வொரு கோயில் வாசலிலும் இருபது நிமிடம் ஏசியை ஓட விட்டு நின்றால், நாள் முடிவில் மூன்று மணி நேரம் ஓடாமலே ஓடியிருக்கும். ஏசியோடு நிற்கும் சிறு எஞ்சின் மணிக்கு முக்கால் லிட்டர் அளவில் எரிக்கும். ஆக இரண்டு லிட்டருக்குக் குறையாமல் நின்ற இடத்திலேயே போகிறது. முப்பது கிலோமீட்டர் போகக்கூடிய பெட்ரோல் அது. வெயிலில் காத்திருக்கும் ஓட்டுநரை இதற்காகக் குறை சொல்வது அறமில்லை. மர நிழலில் நிறுத்த இடமும் அவர் உட்கார ஒரு திண்ணையும் இருந்தால் இந்த இரண்டு லிட்டர் மிஞ்சும். கோயில் நிர்வாகங்களும் ஊராட்சிகளும் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

ஓட்டத்தில் ஏசி பெரிய எஞ்சினைவிடச் சிறு எஞ்சினைத்தான் அதிகம் அழுத்துகிறது. கடும் வெயிலில், குறிப்பாகக் குட்டி ஓட்டங்களில், அது மைலேஜை 25 சதவீதத்துக்கு மேலும் குறைக்கக்கூடும். வெயிலில் நின்ற காரின் கதவுகளைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டு, ஓடத் தொடங்கிய பின் ஏசியைப் போடுவது பயன் தரும்.

இனி வண்டிக்குள் போகலாம். டயரில் காற்று குறைந்தால் மைலேஜ் சரியும் என்பது உண்மை. ஆனால் பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஒவ்வொரு பி.எஸ்.ஐ. குறைவுக்கும் சுமார் 0.2 சதவீதம்தான். பத்து குறைந்தால் இரண்டு சதவீதம். காற்றை ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள அட்டைப்படி, காலையில் வண்டி ஓடும் முன் பார்ப்பது டயரின் ஆயுளுக்கும் உயிருக்கும் அவசியம். 17-இலிருந்து 13-க்கு விழுந்த மைலேஜுக்குக் காரணம் தேடுபவர் காற்றோடு நின்றுவிடக் கூடாது. அழகுக்காக அகல டயர் மாற்றியிருந்தால் அது வேறு கணக்கு. அந்த இழப்பு டயர் இருக்கும் வரை இருக்கும்.

ஏர் ஃபில்டரின் பங்கும் பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை. குறுவை அறுப்பும் சம்பா அறுப்பும் நடக்கும் மாதங்களில், சாலையில் நெல் காயும்போதும் அறுவடை இயந்திரம் ஓடும்போதும் கிளம்பும் சுணையும் தூசியும் அதை விரைவில் அடைத்துவிடும். ஆனால் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, இன்ஜெக்டர் கார்களில் அடைத்த ஃபில்டர் இழுவையைத்தான் குறைக்கிறது, மைலேஜை அல்ல என்று காட்டியது. குறையும் காற்றுக்கு ஏற்பக் கணினி பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. கார்புரேட்டர் வண்டிகளில்தான் ஃபில்டர் மைலேஜைத் தொடும். எஞ்சின் தேயாமல் இருக்க எல்லா வண்டியிலும் அதை மாற்றத்தான் வேண்டும்.

மைலேஜைத் திடீரென வீழ்த்தும் கோளாறுகள் வேறு சில. அவற்றுள் அதிகம் கவனிக்கப்படாதது, எஞ்சின் சூடேறும் வரை குளிர்விப்பு நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட். எஞ்சின் கொதிக்கிறது என்று வரும் காரில், ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதற்குப் பதில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் தமிழ்நாட்டு ஒர்க் ஷாப்புகளில் உண்டு. கொதிப்பு நிற்கும். அதோடு எஞ்சின் உரிய சூட்டுக்கு வருவதும் நிற்கும். குளிர்ந்த எஞ்சின் என்று நினைத்துக் கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். பழைய கார் வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்பது. அடுத்தது ஆக்சிஜன் சென்சார். வெளியேறும் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து கணினிக்குச் சொல்வது அதுதான். அது பழுதானால் இழப்பு 40 சதவீதம் வரை போகலாம். அறுப்பு முடிந்து வயலிலிருந்து வீட்டுப் பக்கம் வரும் எலிகள், சூடான எஞ்சினுக்குள் புகுந்து சென்சார் ஒயர்களைக் கடிப்பது டெல்டாவில் சாதாரணம். மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால், அதை அணைக்கச் சொல்லாமல் ஸ்கேனரில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மைலேஜைக் குறைக்கும் இன்னொரு கோளாறு, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே ஓடுவது. அதைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம். பத்து கிலோமீட்டர் ஓட்டி, பிரேக் அதிகம் போடாமல் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோனால், ஒன்று மட்டும் கனலும். மழைக்காலத்தில் துருவேறிய காலிப்பர் ஊசிகளே பெரும்பாலும் காரணம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதன் முனை இளம் காப்பிப் பொடி நிறத்தில் இருக்க வேண்டும்; கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. உருகிய உலோகத்தின் நிறத்தைப் பார்த்தே வார்க்கும் பதம் சொல்லும் ஸ்தபதிகள் வாழும் சுவாமிமலையில் இந்தப் பார்வை யாருக்கும் அந்நியமாக இருக்காது.

எல்லாம் சரியாக இருந்தும் அண்மை ஆண்டுகளில் மைலேஜ் சற்று இறங்கியிருந்தால், பெட்ரோலே மாறியிருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-இல் பெரும்பாலான பங்குகளுக்கு வந்துவிட்டது. எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான். பழைய வடிவமைப்புக் கார்களில் 6–7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணித்தது. 17 கொடுத்த கார் 16 கொடுத்தால் மெக்கானிக்கைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. அந்த எத்தனாலில் ஒரு பகுதி கரும்பிலிருந்தும் இந்திய உணவுக் கழகம் ஒதுக்கும் அரிசியிலிருந்தும் வருகிறது. நாகப்பட்டினம் பனங்குடியில் 1993 முதல் இயங்கிய சுத்திகரிப்பு ஆலைக்கு எண்ணெய் வந்ததும் இதே டெல்டாவின் நரிமணத்துக் கிணறுகளிலிருந்துதான். புதிய எண்ணெய்க் கிணறுகள் வேண்டாம் என்று போராடி, 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைப் பெற்ற மண் இது. இங்கே வீணாகும் ஒரு லிட்டருக்கு லிட்டர் விலையை மட்டும் கணக்குப் போட்டால் போதாது.

காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, குழாயில் சுழலும் விசிறி என்று விற்கப்படும் மைலேஜ் கருவிகளை வாங்க வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய சாதனங்களைச் சோதித்தது. மிகச் சிலவே பயன் தந்தன, அதுவும் சொற்பமாகவே. மேலே சொன்ன அனைத்தையும் பார்த்த பிறகும் எண் ஏறவில்லை என்றால் மிஞ்சுவது எஞ்சினின் தேய்மானம். கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மூன்று சிலிண்டரில் ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் அதன் வால்வோ ரிங்கோ. மூன்றும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் எஞ்சின் வேலைக்கு வந்துவிட்டது. அதற்கு முன்பே எஞ்சினைத் திறக்கச் சொன்னால், கம்ப்ரஷன் எண்களை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.