கடல் கடந்த மடல்: தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுது?



ஏற்காடு ஏரிக்குக் கூப்பிடு தொலைவில் அறுபத்தெட்டு வருஷம் குடியிருந்த என் அம்மா, முதன்முதலாகப் படகில் கால் வைத்தது இங்கிலாந்தில். நார்ஃபோக் மாவட்டம், பியூர் ஆறு, போன ஆகஸ்ட் மாதம்.

சிரிக்கிறவர்கள் ஒண்டிக்கடைப் பக்கம் நாலு பேரை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். ஏரிக்கரையில் வேர்க்கடலை விற்றவர் இருப்பார், மிளகாய் பஜ்ஜி போட்டவர் இருப்பார், காசு கொடுத்துப் படகில் ஏறியவர் அபூர்வம். படகு, கீழே இருந்து வருகிறவர்களுக்கு. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் சுற்றி ஏறி, பாதி வழியில் வாந்தி எடுத்து, ஏரியைக் கண்டதும் முகம் தெளிகிறார்களே, அவர்களுக்கு. மே மாதக் கோடை விழாவில் படகுப் போட்டி நடக்கும்போதுகூட நாங்கள் கரையில் நின்று கூச்சல் போட்டதோடு சரி. அம்மாவிடம் கேட்டால், "அரை மணி நேரம் சுத்திட்டு ஏறின எடத்துலயே எறக்கி உடறதுக்குக் காசா?" என்பார். அப்பா எஸ்டேட்டில் ரைட்டர். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர். சும்மா சுற்றுவதற்குச் செலவு செய்வது என்பது எங்கள் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் இல்லாத பத்தி.

படகு யோசனை என் மனைவியுடையது. "அத்தைக்கு எத்தனை நாள்தான் லண்டன் பாலத்தையே காட்டிக்கிட்டு இருப்பீங்க?" என்றாள். நான்கு இரவுக்கு ஆறு பேர் படுக்கிற மோட்டார் படகு ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். அந்தக் காசில் ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். அம்மாவிடம் தொகையைப் பாதியாகக் குறைத்துச் சொன்னோம். பாதிக்கே இரண்டு நாள் பேசவில்லை.

ஆலப்புழைக் கெட்டுவள்ளத்தில் போனவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே ஓட்டுகிறவர் உண்டு, சமைக்கிறவர் உண்டு, நாம் சாய்ந்து உட்கார்ந்து கரிமீன் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். இங்கே நானே டிரைவர், நானே கிளீனர். லைசென்ஸ் கேட்கவில்லை. ராக்ஸம் என்ற ஊரில், துறைக்காரர் அரை மணி நேரம் கூடவே வந்து காட்டிக்கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டிவிட்டு, சாவியைக் கையில் வைத்துக் குதித்து இறங்கிப் போய்விட்டார். படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் நம் கடற்கரைக்காரர்கள் சொல்வார்கள். மலைக்காரனுக்கு அது முன்னாடி, பின்னாடி. போகப் போக இரண்டும் இடம் மாறிவிடும்போல் இருந்தது. படகுக்கு பிரேக் கிடையாது. நிற்க வேண்டுமென்றால் பின்கியர் போட வேண்டும், அதுவும் நிற்க நினைப்பதற்கு வெகு முன்பே. இடப்பக்கம் கார் ஓட்டுகிற இந்த நாட்டில் ஆற்றில் மட்டும் வலப்பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும்.

வேகத்துக்கு வரம்பு உண்டு. இடத்தைப் பொறுத்து மணிக்கு ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் வரைதான். அலை எழுந்தால் நாணல் கரை அரித்துப் போகும். முதல் மணி நேரம் எனக்கு அது தண்டனையாக இருந்தது. கரையில் நாயோடு நடந்த ஒரு கிழவர் எங்களை முந்திக்கொண்டு போனார். பாய்மரப் படகு எதிரே வந்தால் மோட்டார் படகுதான் வழிவிட வேண்டும். காற்றுக்கு எதிரே நேராகப் போக முடியாததால் அது இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகக் குறுக்கே வெட்டி வெட்டி ஏறும். என் மகன் பதறினான். அம்மா பார்த்துவிட்டு, "நம்ம மலைப் பாதை பஸ்ஸாட்டம்தான் சாமி வளைஞ்சு வளைஞ்சு வருது. ஓரமா நில்லு, அவனே போயிடுவான்" என்றார். ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவது அவர் பிறந்ததிலிருந்து பார்த்தது.

கெட்டுவள்ளம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நெல் ஏற்றிய வள்ளங்கள் லாரியிடம் சரக்கைப் பறிகொடுத்த பிறகுதான் சுற்றுலாப் படகாயின. இங்கேயும் அதே கதை, நூறு வருஷம் முந்தி. வெர்ரி என்று ஒரு படகு, கறுத்த ஒற்றைப் பாய், நிலக்கரியும் தானியமும் ஏற்றிப் போகும். ரயில் வந்து சரக்கைப் பிடுங்கிக்கொண்டதும், 1880களில் படகுக்காரர்கள் சரக்கறையில் மெத்தை போட்டு நகரத்தாரை ஏற்றத் தொடங்கினார்கள். அன்று தொடங்கியதுதான் இந்த வாடகைப் படகுத் தொழில். 1898இல் கட்டிய ஆல்பியன் என்ற வெர்ரி இன்னும் ஓடுகிறது.

இந்தப் பகுதிக்குப் பெயர் பிராட்ஸ். பியூர், ஆன்ட், தர்ன், யேர், வேவனி என்று ஆறுகள். அவற்றின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டும் இடையே கோத்துக்கொண்டும் ஏரிகள். மதகு எதுவும் இல்லாமல் இருநூறு கிலோமீட்டர் படகு போகலாம். தேசியப் பூங்காவுக்குச் சமமான பாதுகாப்பு, 1988இல் போட்ட தனிச் சட்டம், நாரை, நாணல் என்று விளம்பரத் தாள் முழுக்க இயற்கைதான். புவியியல் படித்தவர்களும் வெகுகாலம் அப்படியே நம்பினார்கள். 1950களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியல் அம்மையார், கையால் திருகும் துளைக்கருவியை வைத்துக்கொண்டு இந்தச் சேற்றில் நெருக்கி நெருக்கித் துளை போட்டார். ஏரியின் பக்கங்கள் சுவர்போலச் செங்குத்தாக இறங்கின, அடி தட்டையாக இருந்தது, நடுவே வரப்புபோல மேடு விட்டிருந்தது. இயற்கை அப்படி வெட்டாது. 1960இல் வெளியான ஆய்வு நூலோடு சந்தேகம் தீர்ந்தது. அத்தனை ஏரியும் இடைக்காலத்தில் மனிதர்கள் தோண்டிய குழிகள்.

எதற்குத் தோண்டினார்கள்? பீட் என்பது செடிகொடி மட்கிக் கருத்த மண். செங்கல்போல வெட்டிக் காயவைத்தால் அடுப்பெரிக்கலாம். காடு அழிந்து விறகு கிடைக்காத நாட்டில் அதுதான் அடுப்பு, குளிருக்கும் அதுதான். 12ஆம் நூற்றாண்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டு வரை வெட்டினார்கள். பிறகு கடல் மட்டம் ஏறிக் குழிகளில் தண்ணீர் புகுந்து, வெட்டியவர்களை மறந்துபோய், ஏரியாகிவிட்டது.

ரான்வொர்த் துறையில் படகைக் கட்டிவிட்டு இதை அம்மாவிடம் சொன்னேன். கோயில் குளத்தைப் பார்ப்பதுபோலத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்ப இது வறட்டிக் குழியா?" என்றார்.

சொன்னால் அப்படித்தான்.

"யாரு வெட்டுனது?"

மடத்து நிலத்திலும் பண்ணை நிலத்திலும் இருந்த குடியானவர்கள் என்றேன். "பொம்பளைங்களும் சுமந்திருப்பாங்க" என்றார். அது எந்த நூலில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் மறுத்துப் பேசத் தோன்றவில்லை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பியை எங்கள் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தார் என்று பள்ளிக்கூடத்தில் எழுதி நான் மார்க் வாங்கியிருக்கிறேன். பறித்தவர்கள் பற்றிக் கேள்வியே வந்ததில்லை. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக நம் மலையில் பாக்சைட் வெட்டிய இடம் அம்மாவுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "அந்தக் குழியிலயும் தண்ணி நின்னா, நாளைக்கு எவனாச்சும் படகு உடுவான்" என்றார். எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஏரியும் காடும் இருக்கிறது என்று வருகிறவர்களிடம் பெருமை அடித்தவன் நான். இரண்டிலும் யார் கைபட்டது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ரான்வொர்த் மாதா கோயில் கோபுரத்தில் 89 படி, மேலே போகப் போக ஏணி. கீழே உட்காரச் சொன்னோம். "ஏற்காட்டுக்காரிக்கு இது ஒரு படியா?" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறிவிட்டார். மேலே நின்றால் நாலு பக்கமும் தட்டையான பச்சை, நடுநடுவே தண்ணீர், தூரத்தில் பாய் மட்டும் தெரியும், ஆறு தெரியாது. வயலுக்குள் பாய்மரம் நடந்து போவதுபோல இருக்கும். பேத்தி படம் எடுத்துத் தள்ளினாள். ஆயா மட்டும் நிலைகொள்ளாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"மேடே இல்லையே. இந்த ஊருல தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?"

நம் ஊரில் சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். ஏரி நிரம்பினால் கிளியூர் அருவியில் விழும். மலையில் பிறந்த திருமணிமுத்தாறு சேலத்துக்குள் இறங்கி, படாத பாடு பட்டு, காவிரிக்குப் போய்ச் சேரும். தண்ணீருக்கு ஒரே வழி, கீழ்வழி. நான் வரைபடத்தைக் காட்டி, கிழக்கே, கடலுக்கு என்றேன். அம்மா தலையாட்டிக்கொண்டார், நம்பவில்லை.

மறுநாள் புனித பெனட் மடத்தின் இடிபாட்டருகே காலைக் காப்பி. ஊரில் வறுத்து அரைத்த தூள், பித்தளை ஃபில்டர், படகின் கேஸ் அடுப்பு. எட்டாம் ஹென்றி மன்னன் இங்கிலாந்தின் மடங்களையெல்லாம் கலைத்தபோது கலைக்காமல் விட்ட மடம் இது. ஆனாலும் ஆட்கள் போய்விட, கல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள். மிஞ்சிய வாசல் வளைவுக்குள் பிற்காலத்தில் யாரோ ஒரு காற்றாலையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். இன்றும் நாரிச் பேராயர்தான் அதன் மடாதிபதி. வருஷத்துக்கு ஒருமுறை, ஆகஸ்ட் முதல் ஞாயிறு, வெர்ரியில் நின்றுகொண்டு வந்து பூசை வைக்கிறார். "ஆளில்லாத மடத்துக்கு அதிபதியா? நம்மூர்லயும் உண்டு" என்றாள் மனைவி. அப்போது அம்மா தண்ணீரில் மிதந்து போன ஓர் இலையைக் காட்டினார். நேற்றுச் சாயங்காலம் இலை கிழக்கே போயிற்று. இன்று மேற்கே போகிறது.

ஓதம். கடலின் ஏற்ற இறக்கம் இத்தனை தூரம் உள்ளே வந்து ஆற்றைத் திருப்பி அனுப்புகிறது. இதைத் துறைக்காரர் சொல்லித்தான் இருந்தார். கீழ்ப்பகுதியில் கட்டும்போது கயிற்றைத் தளர்த்திக் கட்டு என்றும் சொல்லியிருந்தார். நான் இரண்டுக்கும் தலையாட்டியிருந்தேன்.

பாட்டர் ஹைகம் வரை போய், 1385இல் கட்டியதாகச் சொல்லப்படும் தாழ்ந்த கல்பாலத்தைப் பார்த்துத் திரும்பினோம். எங்கள் படகு உயரத்துக்கு அதற்குள் நுழையவே முடியாது. மூன்றாம் இரவு ஏக்கல் அருகே கரை பிடித்தோம். தண்ணீர் ததும்ப நின்றது. படகு ஆடினால் பிள்ளைகளுக்குத் தூக்கம் வராதே என்று முன்கயிறு, பின்கயிறு இரண்டையும் வலித்து இறுக்கி, முடிச்சுமேல் முடிச்சு போட்டுப் பெருமையாகப் படுத்தேன்.

நடுச்சாமத்தில் டபரா உருண்டது. பின்னால் ஃபில்டர். பிறகு என் மகன். எழுந்தால் தரை சாய்ந்திருக்கிறது. தண்ணீர் ஓரிரு அடி இறங்கியிருக்க, படகு இரண்டு கயிற்றிலும் தொங்கிக்கொண்டு கரைப்பக்கம் சாய்ந்து நின்றது. கயிறு கம்பிபோல விறைத்திருந்தது, முடிச்சு அசையவில்லை. பேத்தி டார்ச் பிடிக்க, மனைவி கத்தியைத் தேட, நான் லுங்கியோடு கரையில் குதித்து நகம் பெயர இழுத்தேன். ஒரு சுற்று நழுவியதும் படகு தொப்பென்று தண்ணீரில் உட்கார்ந்தது. பக்கத்துப் படகில் விளக்கு எரிந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை, இங்கிலாந்தின் மரியாதை அது.

அம்மா படுக்கையில் உட்கார்ந்தபடியே கேட்டார். "ஏண்டா கண்ணு, கன்னுக்குட்டியக் கட்டினதே இல்லையா நீ? மேயறதுக்குக் கயிறு உட்டுத்தானே கட்டணும்."

கடைசி நாள் சுக்கான் அவர் கையில் இருந்தது. ஹார்னிங்குக்கு அப்பால் ஆறு நேராக வந்த இடத்தில், ஸ்வெட்டரின் மேல் மிதவைச் சட்டை, அதன் மேல் தோளில் போட்ட துண்டு. எதிரே வந்த படகுக்காரர்கள் கை காட்டினார்கள். இந்த ஆற்றில் எல்லோரும் எல்லோருக்கும் கை காட்டுவார்கள். அம்மா முதலில் தெரிந்தவர்களோ என்று என்னைப் பார்த்தார். பிறகு, கோடை விழாவில் ஏரிப் படகிலிருந்து கரையிலிருந்த எங்களைப் பார்த்துக் கை ஆட்டுவார்களே, அதேபோல ஆட்டினார். கரையில் நாய்க்காரர் ஒருவர் நின்றிருந்தார். அவருக்கும் ஒன்று.

அக்டோபரில் ஊர் திரும்பினார். போன வாரம் போனில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனாராம், டிக்கெட் வாங்கிப் படகில் ஏறினாராம்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"அரை மணி நேரம் சுத்திட்டு ஏறின எடத்துலயே எறக்கி உட்டான். படகக் கம்பத்தோட ஒட்ட இறுக்கிக் கட்டியிருக்கான் அந்தப் பையன். கொஞ்சம் கயிறு உட்டுக் கட்டு சாமின்னேன். இங்கெல்லாம் தண்ணி ஏறி எறங்காது ஆயான்னு என்னையப் பாத்துச் சிரிக்கிறான்."