விளிம்பு சொன்ன சாட்சி

கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாவதற்கு முன், திருக்கோவிலூர் நீதிமன்றத்தில் ஒரு கரும்பு விவசாயிக்காக நான் நடத்திய இழப்பீட்டு வழக்கு இது. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிரெய்லரின் கொக்கி பிளேட் நடுவழியில் முறிந்து, வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தது. டிரைவருக்குக் கால் எலும்பு முறிவு. டிரெய்லர் செய்துகொடுத்த பட்டறைக்காரரோ, பாரம் அளவுக்கு மீறிப் போனதுதான் காரணம் என்றார்.

சிவில் நடைமுறைச் சட்டம் 26-ஆம் கட்டளை, 10-ஏ விதிப்படி அறிவியல் ஆய்வுக்கு ஆணையர் கேட்டு மனுப் போட்டேன். அந்த அறிக்கைதான் வழக்கைத் திருப்பியது. முறிந்த முகத்தில் ஒரு பகுதி துருவேறிக் கறுத்திருந்தது. மீதி பளபளவென்று புதிதாக இருந்தது. விரிசல் முன்பே விழுந்து, நாள்பட வளர்ந்து, எஞ்சிய இரும்பு அன்றைய இழுப்பில் அறுந்திருக்கிறது. விரிசல் தொடங்கிய இடம், பின் மாட்டும் ஓட்டையின் விளிம்பில் கேஸ் கட்டிங்கின்போது விழுந்த ஒரு குழி.

கேஸ் கட்டிங்கில், சுமார் 900 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறிய இரும்பு ஆக்சிஜன் பீய்ச்சலில் எரிந்து வெட்டுப்படுகிறது. கை வேகம் கூடினால் வெட்டுக் கோடுகள் பின்னோக்கி வளையும். குறைந்தால் மேல்விளிம்பு உருகி வழியும். நாசில் துளையில் கசடு அடைத்தால் பீய்ச்சல் சிதறிக் குழி விழும். கார்பன் அதிகமுள்ள இரும்பானால் விளிம்பு கெட்டிப்பட்டு எளிதில் விரிசல் விடும்.

குறுக்கு விசாரணையில் பட்டறைக்காரரிடம், "ஓட்டை விளிம்பைக் கிரைண்டர் வைத்துத் தேய்த்தீர்களா?" என்று கேட்டேன். "அவசர வேலை சார், அப்படியே பெயிண்ட் அடிச்சிட்டோம்" என்றார்.

எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கிய பொருள் அந்த வேலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்கிறது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. கரும்பு ஏற்றத்தான் டிரெய்லர் என்பது பட்டறைக்காரருக்குத் தெரியும். தீர்ப்பு விவசாயிக்குச் சாதகமானது.

நாசிலைச் சுத்தம் செய்வதும், பிளேட்டின் துருவைத் தேய்த்தெடுப்பதும், வெட்டிய விளிம்பை வழவழப்பாக்குவதும் எந்தப் பட்டறையிலும் முடிகிற வேலைகள். பாரம் தாங்கும் பின் ஓட்டையை டிரில்லில் போடுவதே நல்லது. டிரெய்லர் செய்யக் கொடுக்கும் விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை: என்ன பாரம் ஏற்றப் போகிறீர்கள் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள், பெயிண்ட் அடிக்கும் முன் போய் விளிம்பைத் தடவிப் பாருங்கள்.