எதைக் கொண்டு அளப்பது?



குற்றாலத்தில் வெள்ளம் பெருகும்போது காவலர்கள் விசில் ஊதி, அருவியில் குளிப்போரை வெளியேற்றுவார்கள். எத்தனை முறை ஊதினார்கள் என்று எவரும் எண்ணுவதில்லை. எல்லோரும் கரையேறினார்களா என்பதே கணக்கு. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை இழுத்துச் சென்றபோது, அந்தக் கணக்கின் கனம் எங்களுக்குப் புரிந்தது.

சூதாட்டத் தடுப்பு முயற்சிகளை அளப்பதில் நான் விசிலைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

தென்காசியில் வாழும் என் மச்சான் இணைய ரம்மியில் மூழ்கியிருந்தார். 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் புதிய விதிகள் வந்தன. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எச்சரிக்கை தோன்ற வேண்டும். ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அவ்விதிகளை ஏற்றது. மச்சானோ எச்சரிக்கையை விரலால் தள்ளிவிட்டு ஆடினார். காலை 5 மணிக்குத் தவறாமல் விழித்தார், ஃபஜ்ருக்காக அல்ல.

ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை அடியோடு தடை செய்தது. "செயலி மூடிவிட்டது, மச்சான் மீண்டுவிட்டார்" என்று பள்ளிவாசலில் நானே சொன்னேன். சில வாரங்களில், துவைக்க எடுத்த சட்டைப் பையில் அக்கா கேரள லாட்டரிச் சீட்டுகளைக் கண்டாள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. புளியரையைத் தாண்டி ஆரியங்காவை அடைந்தால், அது அரசே நடத்தும் வணிகம்.

"நீ அவருடைய செல்போனைத்தான் பார்த்தாய் தம்பி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே" என்றாள்.

அன்றிரவு சூரா அல்மாயிதாவின் 91ஆம் வசனத்தை மீண்டும் ஓதினேன். மதுவாலும் சூதாட்டத்தாலும் ஷைத்தான் பகையை மூட்டுகிறான். இறைநினைவையும் தொழுகையையும் தடுக்கிறான் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான். அளவுகோல் அங்கேயே இருக்கிறது. வீட்டில் பகை தணிந்ததா? தொழுகை திரும்பியதா? கடன் நின்றதா? ஒரு சூதை விட்டவர் வேறொன்றுக்குத் தாவினாரா? இவற்றை ஆடியவரிடம் மட்டுமன்றி அவர் மனைவியிடமும் கேட்க வேண்டும். ஒருமுறை கேட்டு நிறுத்தாமல் மாதங்கள் கடந்தும் கேட்க வேண்டும். ஆலோசனைக்கு வந்தவர்களோடு, பாதியில் நின்றவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அளவாக ஆடுவது நமக்கு இலக்கன்று. எனினும் பிறரையும் காக்கும் வேலி எதுவாயினும் அது பயன் தருகிறதா என்று பார்ப்பது நம் கடமை.

இப்போது மாதந்தோறும் அக்காவிடம் கேட்கிறேன். சென்ற மாதம் அவள் சொன்னாள்: "நான் எழுப்பாமலே ஃபஜ்ருக்கு எழுந்தார். இன்னும் சில மாதம் போகட்டும் தம்பி."

அல்லாஹ் நம் இல்லங்களைக் காப்பானாக. ஆமீன்.